சான்றிதழ் வந்துவிட்டது, மருந்து அட்டையைப் படித்தார்களா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஓட்டக் குழு ஒன்றுக்குப் பயிற்சி தருகிறேன். பள்ளிப் பிள்ளைகளும் காம்ரேட்ஸ் மராத்தான் ஓடும் பெரியவர்களும் இருக்கிறார்கள். ஊக்கமருந்து பற்றிய ஆன்லைன் பாடத்தைக் கொடுத்தால் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டிச் சான்றிதழை எடுத்துவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடாவின் 'அடெல்' என்ற ஆன்லைன் பாடத் தளம் இலவசம்தான். ஆனால் அதை வீட்டுப்பாடமாக்காதீர்கள். வைஃபை உள்ள இடத்தில் சேர்ந்து பாருங்கள், ஒரு பகுதி முடிந்ததும் நிறுத்திப் பேசுங்கள். டேட்டாவும் மிச்சம்.

அடுத்த வாரம்தான் உண்மையான பாடம். வீட்டிலுள்ள சளி மாத்திரை, இருமல் மருந்து அட்டைகளைப் போட்டோ எடுத்து வரச் சொல்லுங்கள். முன்பக்கப் பெயரை விட்டுவிட்டுப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படிக்க வையுங்கள். சளி மாத்திரைகள் சிலவற்றில் மூக்கடைப்பைப் போக்கும் சூடோஎபிட்ரின் இருக்கும். பயிற்சி நாளில் தடையில்லை. போட்டியில் சிறுநீரில் அளவு மீறினால் குற்றம். போட்டிக்காலமோ முந்தின நாள் இரவு 11.59க்கே தொடங்கிவிடும். அன்று சாயங்காலம் போட்டது மறுநாள் பரிசோதனையில் தெரியலாம். குறைந்தது 24 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்கிறது வாடா.

பெரியவர்களிடம் பிரஷர் மாத்திரையைக் கேளுங்கள். ஹைட்ரோகுளோரோதையசைடு என்ற சிறுநீர் பெருக்கும் மருந்து கலந்திருந்தால் அது எந்த நாளும் தடைதான். தாங்களாக நிறுத்த வேண்டாம். மாற்று மருந்து உண்டா என்று டாக்டரைக் கேட்கட்டும், இல்லையென்றால் சிகிச்சை விலக்குக்கு, அதாவது நோய்க்காகத் தடைமருந்தை எடுக்கும் அனுமதிக்கு, விண்ணப்பிக்கட்டும்.

'இயற்கை' என்ற சொல்லில் நம் வீடுகள் சுலபமாக மயங்கும். தாமரை விதைக்குள்ளிருக்கும் பச்சை முளையில் ஹிஜெனமைன் என்ற வேதிப்பொருள் உண்டு. வாடாவின் தடைப்பட்டியலில் அதன் பெயரே இருக்கிறது. ஜிம் பவுடரைப் பொறுத்தவரை 'பாதுகாப்பானது' என்று உறுதி தரும் செயலி எதுவும் கிடையாது. டப்பாவில் எழுதாததும் உள்ளே கலந்திருக்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது தேவையே இல்லை என்பது என் கருத்து.

மருந்து பார்க்கப் பலர் குளோபல் டி.ஆர்.ஓ. தளத்துக்குப் போகிறார்கள். தென்னாப்பிரிக்க மருந்துகள் அதில் இல்லை. ஒரே பெயரில் விற்கும் மாத்திரையின் சரக்கு நாட்டுக்கு நாடு மாறும். இங்கே நாட்டின் ஊக்கமருந்து தடுப்பு அமைப்பான எஸ்.ஏ.ஐ.டி.எஸ்.ஸிடம் கேட்பதே சரி. பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் புதுப்பிக்கப்படுவதால், போன வருட ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப் குழுவிலிருந்து அழித்துவிடுங்கள்.

உடம்பில் எது கிடைத்தாலும் பொறுப்பு ஓடுகிறவருடையதே. 'கோச் கொடுத்தார்' என்பது தப்பிக்கும் வழியல்ல. கொடுத்தது தடைமருந்தாக இருந்தால் உங்களுக்கும் தண்டனை உண்டு. உங்கள் பையிலுள்ள வலி மாத்திரைகளையும் அந்தப் போட்டோக்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: டிராமடோல் 2024 முதல் போட்டியில் தடை.