வீட்டில் ஆளுக்கொன்று பிடிக்காது, இரவுச் சாப்பாட்டுக்குப் புதிதாக என்னதான் செய்வது?

நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் எங்கள் வீட்டைப் பற்றி எழுதியது போலவே இருக்கிறது. உங்கள் பையன் காயைக் கண்டால் ஒதுக்குகிறான், பெண்ணுக்குத் தேங்காய் அரைத்த குழம்பு ஆகாது, பெரியவர்களுக்குக் கடிக்க முடியாது, இட்லி தோசை சப்பாத்தி எல்லோருக்கும் சலித்துவிட்டது, யூடியூபில் பார்த்துச் செய்த புது ஐட்டமெல்லாம் பாத்திரத்தோடு மிஞ்சுகிறது. சரி. எங்கள் வீட்டில் இரவு அடுப்பு என் பொறுப்பு. மனைவி வேலை முடிந்து வர எட்டு மணி ஆகிவிடும். அம்மா, எட்டாவது படிக்கும் மகள், இரண்டாவது படிக்கும் மகன், நாங்கள் இருவர். ஊர் கோயம்புத்தூர், மனைவி திருநெல்வேலிக்காரர். அவர் ஊரைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, கீழே வருகிறது.

புது ரெசிபி தேடுவதற்கு முன்னால் சில நாள் தட்டில் என்ன மிஞ்சுகிறது என்று மட்டும் கவனித்துப் பாருங்கள். எந்தக் காய் மிஞ்சியது என்பதைவிட, அது எப்படி வெந்திருந்தபோது மிஞ்சியது என்று பார்க்க வேண்டும். எங்கள் பையனைப் பற்றி "காயே சாப்பிட மாட்டான்" என்றுதான் வீடே சொல்லிக்கொண்டிருந்தது. பார்த்தால், பொரியலில் பீன்ஸைத் தொடாதவன் பிரியாணியில் பீன்ஸைச் சாப்பிடுகிறான். சாம்பாரில் வழவழவென்று மிதக்கும் வெண்டைக்காய் ஆகாது. அதையே மொறுமொறுவென்று வதக்கினால் வாணலியிலிருந்தே எடுத்துத் தின்கிறான். அவனுக்குச் சண்டை பதத்தோடுதான். பெரும்பாலான வீடுகளில் இதுதான் கதை என்பது என் எண்ணம். வழவழப்பு, நார், தோல், திப்பி, வாயில் சிக்கும் தாளிப்பு என்று ஆளுக்கு ஒன்று இருக்கும். அது எது என்று தெரிந்துவிட்டால் அதே சாமான்களில் புதுச் சாப்பாடு செய்துவிடலாம்.

வெண்டைக்காய் வழவழப்பதற்குக் காரணம் ஈரமும் மூடியும்தான். கழுவித் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு நறுக்க வேண்டும். அகலமான வாணலியில், மூடாமல், நிறைய கிளறாமல் வதக்கி, உப்பைக் கடைசியில் போட வேண்டும். முதலிலேயே உப்புப் போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். கத்திரிக்காயில் எங்கள் பெண்ணுக்குத் தோலும் விதையும் ஆகாது. அதைச் சுட்டுத் தோலை உரித்து, மசித்து, புளி விட்டுக் கொத்சு செய்து வெண்பொங்கலோடு வைத்தால் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். பாகற்காயை மட்டும் நான் குழந்தைகளிடம் நீட்டுவதே இல்லை. கசப்பு அவர்கள் நாக்குக்கு நம்மைவிட அதிகமாகவே உறைக்கும், அதில் போய் வீரம் காட்ட வேண்டியதில்லை.

தாளிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரவை உப்புமா வைத்தால் பையன் முதலில் சாப்பிட மாட்டான், பொறுக்குவான். கறிவேப்பிலை ஒரு பக்கம், கடலைப்பருப்பு ஒரு பக்கம், கடுகுகூட விரல் நுனியில் ஒட்டி வந்து தட்டின் ஓரத்தில் வரிசையாக உட்காரும். "அப்பா, இதுல கடிக்கிற சாமானெல்லாம் இருக்கு" என்பது அவன் புகார். பொறுக்கி முடிப்பதற்குள் உப்புமா ஆறி இறுகிவிடும், அதற்கப்புறம் யாருக்குத்தான் இறங்கும்? இப்போது அவனுக்குரிய பங்கை வெறும் நெய்யும் வெங்காயமும் போட்டுத் தனியே எடுத்துவிட்டு, தாளிப்பைக் கடைசியில் தனிக் கரண்டியில் செய்து எங்கள் பங்கின்மேல் கொட்டுகிறேன். கறிவேப்பிலையை வறுத்துப் பொடித்து வைத்துக்கொண்டால் அவன் பங்கிலும் மணம் வந்துவிடும். கூடுதலாக ஒரு கரண்டி கழுவ வேண்டும், அவ்வளவுதான்.

இனி புது ஐட்டம். என்னைக் கேட்டால் பாஸ்தா, டாக்கோஸ் பக்கம் போவதைவிடப் பக்கத்து மாவட்டத்துக்குப் போவது நல்லது. சாமான் எல்லாம் வீட்டிலேயே இருக்கும், பெரியவர்களும் சாப்பிடுவார்கள். தமிழ்நாட்டில் ஒரு ஊர்க்காரருக்குச் சலித்துப்போனதை இன்னொரு ஊர்க்காரர் பார்த்தே இருக்க மாட்டார். எங்கள் பக்கத்து அரிசிம்பருப்புச் சாதம் மனைவிக்குக் கல்யாணத்துக்கு முன் தெரியாது. அவர்கள் ஊர் உளுந்தஞ்சோறு எனக்குத் தெரியாது. இன்று இரண்டும் எங்கள் வீட்டில் முறை வைத்து வருகின்றன.

அரிசிம்பருப்புக்கு ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளருக்குக் கொஞ்சம் அதிகமாகத் துவரம்பருப்பு. சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், சீரகம், ஒரு தக்காளி வதக்கி, மஞ்சள்தூள் போட்டு, மூன்றரை டம்ளர் தண்ணீர் விட்டுக் குக்கரில் வைத்தால் முடிந்தது. மேலே நெய், பக்கத்தில் அப்பளம், தயிர். அம்மாவுக்குப் பல் சரியில்லை, இன்னும் அரை டம்ளர் தண்ணீர் விட்டால் அவருக்கும் ஆகும். உளுந்தஞ்சோற்றுக்கு அரிசியோடு தொலி உளுந்து, அதாவது தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து, கொஞ்சம் வெந்தயம், நிறையப் பூண்டு, தேங்காய்த் துருவல். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். கறுப்புத் தோலைப் பார்த்துப் பையன் முகம் சுளிப்பான் என்று தெரியும், அதனால் அவனுக்காக முதலில் வெள்ளை உளுந்திலேயே செய்தேன். சுவை பழகிய பிறகு ஒரு கைப்பிடி தொலி உளுந்து, அப்புறம் பாதிக்குப் பாதி. இப்போது முழுக்கத் தொலி உளுந்தில் செய்தாலும் கேட்பதில்லை.

காரம் ஆகாத பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கும்பகோணம் கடப்பாவை விடக் கூடாது. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, பச்சைமிளகாய் அரைத்து விடுவார்கள். மிளகாய்த்தூளே கிடையாது. அதே பழைய இட்லிதான், பக்கத்தில் கடப்பா வந்ததும் எங்கள் வீட்டில் கூடுதலாக ஒரு ஈடு வைக்க வேண்டியதாகிவிட்டது. பரோட்டாக் கடைக் கலக்கியும் எங்கள் கொங்குப் பக்கத்துச் சொத்து. முட்டையில் கொஞ்சம் குழம்பு அல்லது சால்னா, மிளகுத்தூள் கலந்து கல்லில் ஊற்றி, வேகத் தொடங்கியதும் மடித்து எடுத்துவிடுவது. சின்னப் பிள்ளைகளுக்கு முட்டையை நன்றாக வேகவிட்டே கொடுங்கள். மிஞ்சிய சப்பாத்தியைக் கொத்தி, வெங்காயம் தக்காளி முட்டை போட்டால் கொத்துச் சப்பாத்தி, இதை வேண்டாம் என்று சொன்ன பிள்ளையை நான் பார்த்ததில்லை.

நேரம் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை சந்தகை செய்து பாருங்கள். புழுங்கலரிசியை ஊறவைத்து நைசாக அரைத்து, இட்லியாக வார்த்து, சுடச்சுட மெஷினில் போட்டுப் பிழிய வேண்டும். ஆறிவிட்டால் கைப்பிடி அசையாது. ஒருவர் மெஷினைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் கைப்பிடியைத் திருக, ஒருவர் இட்லியை எடுத்துப் போட என்று மூன்று பேருக்கு வேலை இருக்கிறது. எங்கள் வீட்டில் திருகும் வேலைக்குப் பிள்ளைகள் இருவருக்கும் சண்டை வரும். பிழிந்ததை மூன்றாகப் பிரித்து ஒரு பங்கு எலுமிச்சை, ஒரு பங்கு தக்காளி, ஒரு பங்கு தேங்காய்ப்பாலும் வெல்லமும். "ஒரு வாய் தின்னு பாரு சாமி" என்று பாட்டி கெஞ்ச வேண்டிய அவசியம் அன்றைக்கு இல்லை. தான் பிழிந்ததைத் தானே தின்பான்.

இதுதான் அடுத்த யோசனைக்கும் வழி. ஒரே மாவு அல்லது ஒரே சாதம் செய்யுங்கள், முடிப்பதை அவரவரிடம் விட்டுவிடுங்கள். ஆளுக்கொரு சமையல் செய்தால் இரண்டே வாரத்தில் நீங்கள் படுத்துவிடுவீர்கள். தோசை என்றால் பையனுக்கு வெறும் நெய் தோசை, பெண்ணுக்குப் பொடி தூவி, எங்களுக்கு வெங்காயமும் முருங்கைக்கீரையும் போட்டு. ஊற்றும் கரண்டி ஒன்றுதான். அடை மாவு இதற்கு இன்னும் வசதி, புளிக்கக் காத்திருக்க வேண்டாம். அரிசியும் பருப்பும் மூன்று மணி நேரம் ஊறினால் போதும், அரைத்து வைத்தால் மறுநாளும் ஆகும்.

தோசை ராத்திரியில் ஒரு சின்ன வேலை செய்யலாம். தோசை ஒவ்வொன்றாகத்தான் வரும், அதுவரை பிள்ளைகள் பசியோடு தட்டைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரம் பார்த்து நடுவில் வெள்ளரிக்காய், கேரட்டை நீளநீளமாக வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி வையுங்கள். எடு என்று சொல்ல வேண்டாம். நான்காவது தோசை கல்லில் இருக்கும்போது தட்டு காலியாக இருக்கும். ஆனால் பசி இருந்தால்தான் இது நடக்கும். ஐந்து மணிக்கு பிஸ்கட், பஜ்ஜி, ஆறரைக்குச் சத்துமாவுப் பால் என்று உள்ளே போயிருந்தால் எட்டரைக்கு நீங்கள் என்ன வைத்தாலும் "பிடிக்கல" என்ற பதில்தான் வரும். மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல் கொடுத்துவிட்டு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தினமும் ஆறு மணிக்கு "இன்னைக்கு என்ன?" என்று யோசிப்பதுதான் பாதி அலுப்பு. கிழமைக்கு ஒரு வகையை நிர்ணயித்துவிடுங்கள், ஐட்டத்தை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். தமிழக அரசின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியபோது இப்படித்தான் பட்டியல் போட்டார்கள். திங்கள் உப்புமா வகை, செவ்வாய் கிச்சடி வகை, புதன் பொங்கல் வகை என்று வகைதான் நிர்ணயம், அதற்குள் ரவையா சேமியாவா சிறுதானியமா என்பது மாறும். எங்கள் வீட்டில் ஒரு நாள் கல், ஒரு நாள் ஆவி, ஒரு நாள் குக்கர் சாதம், ஒரு நாள் சப்பாத்தி, வெள்ளிக்கிழமை மிஞ்சியதெல்லாம். ஆவி நாளில் இடியாப்பம், கொழுக்கட்டை, தட்டு இட்லி என்று எதுவும் வரலாம்.

காயை ஒளித்து வைப்பது பற்றிப் பலரும் சொல்வார்கள். பீட்ரூட்டை அரைத்துச் சப்பாத்தி மாவில் கலப்பது போல. செய்யலாம், ஆனால் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். ஒருமுறை கண்டுபிடித்துவிட்ட பிள்ளை அதற்குப் பிறகு வெள்ளைச் சப்பாத்தியையும் பிரித்துப் பார்க்கும்.

வற்புறுத்துவதிலும் பலன் இல்லை. 1980களில் லீயான் பர்ச் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவினரும் சோதித்துப் பார்த்தார்கள். பரிசு காட்டிக் குடிக்க வைத்த பானத்தின் மேல் குழந்தைகளுக்கு விருப்பம் குறைந்துதான் போனது. "கீரை தின்றால் ஐஸ்கிரீம்" என்று நாம் பேசுகிற பேரமும் அதுதானே. எலின் சாட்டர் என்ற உணவியல் நிபுணர் சொல்லும் வழி எனக்குச் சரியாகப் படுகிறது. என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும், சாப்பிடுவதா, எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். இதற்கு மேசையில் அவன் கண்டிப்பாகச் சாப்பிடும் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது தயிர்ச்சாதம். இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புதுச் சாப்பாட்டைக் கண்டு மிரள்வது இயல்பு, ஒரு காய் எட்டுப் பத்து முறை, சிலருக்குப் பதினைந்து முறைகூடத் தட்டில் வந்து போன பிறகுதான் நாக்கு ஒத்துக்கொள்ளும். எங்கள் அம்மாவுக்கு இதை ஒத்துக்கொள்ளத்தான் சிரமம். "வெறும் தயிர்ச்சோத்தத் தின்னுட்டு எந்திரிக்கிறான், நீ பாத்துட்டு உக்காந்திருக்கியேடா" என்பார்.

எடை கூடவே இல்லை, மொத்தமே ஐந்தாறு பொருள்தான் சாப்பிடுகிறது, புதுசு வாயில் பட்டாலே குமட்டுகிறது என்றால் சமையலை மாற்றிப் பயனில்லை, குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கடைசியாக, தேங்காய் அரைத்த குழம்பு ஆகாத உங்கள் பெண். அவளுக்குத் திருநெல்வேலிச் சொதி ஒருமுறை வைத்துப் பாருங்கள். பாசிப்பருப்பு, கேரட், பீன்ஸ், உருளை, முருங்கைக்காய் வேகவைத்து, தேங்காய்ப்பாலில் லேசாகச் சூடு செய்து, இறக்கி எலுமிச்சை பிழிவது. அந்தப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் சாப்பாடு, இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு சிப்ஸும் பக்கத்தில் கட்டாயம். அதைச் சாப்பிட்டுவிட்டாள் என்றால் இத்தனை நாளும் அவள் ஒதுக்கியது தேங்காய்த் திப்பியைத்தான், இனிமேல் தேங்காயை இன்னும் நைசாக அரைத்தாலோ பாலாகப் பிழிந்து ஊற்றினாலோ போதும். அதையும் தள்ளிவிட்டால் தேங்காய் மணமே ஆகவில்லை என்று வைத்துக்கொண்டு, குழம்புக்குப் பொட்டுக்கடலையும் கசகசாவும் அரைத்து விடுங்கள்.