லயத்துக்கே போகும் கடிதம்

கேள்வி: ஐயா, தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு வந்து நாலு வருஷமாகிறது. மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கொடுத்த நிறுவனம் இன்னும் அங்கேதான் கடிதம் அனுப்புகிறது. என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், ‘காட்ட முடியாது’ என்கிறார்கள்.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: முகப்பில் நின்று மல்லுக்கட்டாதீர்கள் அம்மா. மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லி, எழுத்தில் கேளுங்கள். மைகார்டு (அடையாள அட்டை) நகலை இணையுங்கள். சாதாரணத் தகவலின் பிரதிக்கு 10 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் வாங்கக்கூடாது. 21 நாளில் தர வேண்டும்; முடியாவிட்டால் காரணம் எழுதி, கூடுதலாக 14 நாள் எடுக்கலாம். தவறு இருந்தால் திருத்தச் சொல்லவும் உரிமை உண்டு. அப்புறம், புது முகவரியைப் பெரிதாக எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பதிலும் லயத்துக்குத்தான் போகும்! ஆனால் ஒன்று, அரசாங்க அலுவலகங்களை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது.