பெனின் தகடுகளும் ஒரே கூரையும் – கடிதம்

வணக்கம் அக்கா,

போன மாசம் லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் போயிருந்தேன். ஆப்பிரிக்கா கேலரில பெனின் தகடுங்களப் பாத்து அசந்துட்டேன். இதையெல்லாம் நைஜீரியாவுக்கே திருப்பிக் குடுக்கணும்னு நீங்க எழுதியிருந்தீங்க. உலகத்துக் கலையெல்லாம் ஒரே கூரைக்குக் கீழ இருக்கறதாலதானே என்னை மாதிரி ஆளு பாக்க முடியுது? அங்க போனா பத்திரமா இருக்குமா?

ச., திருச்சி

அன்புள்ள தம்பி,

அந்தத் தகடுங்க முன்னாடி நின்னா யாரா இருந்தாலும் அசந்துதான் போவாங்க. ஆனா ஒரே கூரைன்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் எனக்கு மனசு ஆறல. அதுங்களுக்கு ஏற்கனவே ஒரு கூரை இருந்துச்சு தம்பி, இன்னிக்கு நைஜீரியால இருக்கற பெனின் நகரத்துல ஓபாவோட, அதாவது அவங்க ராஜாவோட அரண்மனை. 16, 17ஆம் நூற்றாண்டுல பித்தளைல வார்த்து அரண்மனைத் தூண்கள்ல ஆணி அடிச்சு மாட்டினது, நீங்க கிட்டப் போய்ப் பாத்திருந்தா அந்த ஆணி ஓட்டை தெரிஞ்சிருக்கும். அதே மியூசியத்துல இருக்கற ஒரு தகட்டுல வார்த்திருக்கறதே அரண்மனை வாசல்தான். கூரை மேலேர்ந்து ஒரு மலைப்பாம்பு தலைகீழா இறங்குது, தூண்கள்ல போர்த்துகீசியர் முகம், கீழ ஆளுங்க நிக்கறாங்க. தகடுங்க எங்க இருந்துச்சுன்னு ஒரு தகடே நமக்குக் காட்டுது, எனக்கு அதப் பாக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கும்.

1897 பிப்ரவரில பிரிட்டிஷ் படை நகரத்தப் பிடிச்சு அரண்மனையக் கொள்ளையடிச்சுது, ஊரும் தீப்பிடிச்சு எரிஞ்சுது, ஓபா ஓவொன்ராம்வென கலபார்ங்கற ஊருக்கு நாடு கடத்தினாங்க, 1914ல அங்கேயே செத்துட்டாரு. அப்போ தகடுங்க தூண்ல இல்ல, அரண்மனைக் கிடங்குலதான் இருந்துச்சு, ஆனாலும் எல்லாம் ஒரே இடத்துல, அதோட விவரம் தெரிஞ்சவங்க கைல இருந்துச்சு. அதுக்கப்புறம் லண்டன்ல வித்து, பெர்லின், வியன்னா, நியூயார்க்னு செதறிப் போச்சு. எந்தத் தகட்டுக்குப் பக்கத்துல எது இருந்துச்சுங்கற வரிசை இன்னிக்கு யாருக்கும் தெரியாது. பிரிட்டிஷ் மியூசியமே 1950லேர்ந்து, ஒரே மாதிரி ரெண்டு இருக்குன்னு சொல்லி சில தகடுங்கள வித்திருக்கு, ஜோடியா இருக்கறதுதான் தூண்ல எப்படி மாட்டினாங்கன்னு கண்டுபிடிக்க ஒரு தடயம், அதையும் பிரிச்சுட்டாங்க. இதத்தான் நான் சொல்ல வந்தது, ஒரே கூரைக்குக் கீழ சேத்ததா நாம நெனைக்கறது நெஜத்துல கலைச்சுப் போட்டது.

பத்திரம் பத்திக் கேட்டீங்க. 2023ல பிரிட்டிஷ் மியூசியத்துலேர்ந்தே கிட்டத்தட்ட 2000 பொருள் காணாமப் போயோ திருடு போயோ சேதமாயோ இருக்குன்னு வெளிய வந்து டைரக்டர் ராஜினாமா பண்ணாரு. அதனால அந்தக் கேள்விய பெனின்காரங்கள மட்டும் கேக்கறது நியாயமே இல்ல. அங்க இகுன் தெருவுல இன்னிக்கும் பித்தளை வார்க்கறாங்க, நம்ம சுவாமிமலை மாதிரியே மெழுகுல செஞ்சு, மண்ணு பூசி, மெழுக உருக்கி எடுத்துட்டு உலோகத்த ஊத்தற அதே முறை. முன்னோர் வார்த்து லண்டன்ல இருக்கறதப் பாக்கணும்னா அந்தத் தெருப் பையன் விசா வாங்கி, டிக்கெட் போட்டு லண்டன் போகணும், உங்களுக்குக் கெடைச்ச அந்த வாய்ப்பு அவனுக்கு எப்போ கெடைக்கும்?

திருப்பிக் குடுத்தா உலகத்துக்குக் காணக் கெடைக்காதுன்னும் இல்ல. ஜெர்மனி 2022ல உரிமைய நைஜீரியாவுக்கு மாத்திக் குடுத்துச்சு, ஆனா பெர்லின் பொருள்ல ஒரு பகுதி இரவலா இன்னும் அங்கேயே காட்சில இருக்கு. அதே வருஷம் அமெரிக்காவோட ஸ்மித்சோனியன் 29 பொருளக் குடுத்துச்சு, லண்டன்லயே ஹார்னிமன் மியூசியம் 72 பொருளோட உரிமைய மாத்திக் குடுத்துச்சு, 2025ல நெதர்லாந்து 119. ஆனா பிரிட்டிஷ் மியூசியம், தன்கிட்ட இருக்கற பொருள வெளிய குடுக்க விடாத 1963 சட்டத்தக் காட்டிட்டு நிக்குது. சட்டம் போட்டது பார்லிமென்ட், அத மாத்தவும் பார்லிமென்டால முடியும்.

நேரம் கெடைச்சா டிஜிட்டல் பெனின்னு தேடிப் பாருங்க. பல நாட்டுல நூத்துக்கும் மேல இடத்துல செதறிக் கெடக்கற 5000க்கும் மேல பொருள ஒரே இடத்துல படத்தோட போட்டிருக்காங்க, பெனின் மக்கள் பேசற எடோங்கற மொழில அதுங்களோட பேரும் இருக்கு.

அன்புடன்,
அக்கா