பிரசவக் கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்குவது எப்படி?

காரைக்குடி வட்டாரத்துப் பிரசவ வார்டுகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர், செட்டிநாட்டுப் பெண்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

சிஸ்டர், போன வருஷம் தனியார் ஆஸ்பத்திரியில் சிசேரியன். ராத்திரி முழுக்க வலி. விடியக்காலையில் திடீரென்று தியேட்டருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் நாலே வரி. முழு விவரம் கேட்டால் தருவார்களா? (காரைக்குடி)

தர வேண்டும். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் வருஷத்து நடத்தை விதிகள்படி, உள்நோயாளியின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதனால் நாள் கடத்தாதீர்கள்.

'ஃபைல் வேணும்' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் அதே சம்மரியை இன்னொரு பிரிண்ட் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கேஸ் ஷீட், பார்ட்டோகிராஃப் (பிரசவம் எப்படி நகர்ந்தது என்று குறித்த தாள்), சி.டி.ஜி. தாள் (குழந்தையின் இதயத் துடிப்பை மெஷின் பதிந்தது), ஆபரேஷன் நோட்ஸ், மயக்க மருந்து நோட்ஸ், நர்ஸ் குறிப்பு, குழந்தையின் பதிவு என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். உங்கள் பெயர், ஐ.பி. (உள்நோயாளி) நம்பர், சேர்ந்த தேதி போதும். கடிதத்தின் இன்னொரு பிரதியில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் காசு கேட்டால் கொடுத்துவிடலாம். சி.டி.ஜி. தாளில் எழுத்து மங்கிக்கொண்டே போகும், கைக்கு வந்ததும் போட்டோ எடுத்துவிடுங்கள்.

'கேஸ் போடப் போறீங்களா?' என்று கவுண்டரில் கேட்பார்கள். 'அடுத்த பிரசவத்துக்கு வேணும்' என்றால் போதும். உண்மையில் காரணமே சொல்ல வேண்டியதில்லை.

அரசு ஆஸ்பத்திரி என்றால்? (தேவகோட்டை)

முதலில் நேரில் போய், பதிவுகளை வைத்திருக்கும் பிரிவில் எழுதிக் கொடுங்கள். நடக்கவில்லையா, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆஸ்பத்திரியின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனுப் போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும்.

எனக்குப் பிரசவம் லண்டனில். இப்போது பள்ளத்தூரில் அம்மா வீட்டில் இருக்கிறேன். இங்கிருந்தே கேட்க முடியுமா?

முடியும். அங்கே பிரசவப் பதிவுகளை 25 வருஷம் வைத்திருப்பார்கள். தகவல் பாதுகாப்புச் சட்டப்படி கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள், கட்டணமில்லாமல் தருவார்கள். அங்குள்ள பல ஆஸ்பத்திரிகளில் மிட்வைஃப் ஒருவர் உங்கள் ஃபைலை வைத்துக்கொண்டு, என்ன நடந்தது என்று உங்களோடு உட்கார்ந்து பேசவும் செய்வார். அதையும் சேர்த்துக் கேளுங்கள். இங்கே அப்படித் தனி ஏற்பாடு இருந்து நான் பார்த்ததில்லை, நாமாகத்தான் டாக்டரிடம் நேரம் கேட்க வேண்டும்.

ஆச்சி, கேஸ் ஷீட் வாங்கிவிட்டேன். ஒன்றும் புரியவில்லை! (கானாடுகாத்தான்)

எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். கட்டம் போட்ட தாள் ஒன்று இருக்கும், அதுதான் பார்ட்டோகிராஃப். கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்தது என்பதைப் பெருக்கல் குறியாகப் போட்டிருப்பார்கள். சாய்வாக இரண்டு கோடுகள் போகும். முதல் கோட்டைக் குறி தாண்டினால் கவனம் வேண்டும், அதற்கு நாலு மணி நேரம் தள்ளியிருக்கும் இரண்டாவதைத் தொட்டால் முடிவெடுக்க வேண்டும். மேலே புள்ளி புள்ளியாக இருப்பது குழந்தையின் இதயத் துடிப்பு. நிமிஷத்துக்கு 110 முதல் 160 வரை சாதாரணம். வலி வர ட்ரிப்பில் ஆக்சிடோசின் போட்டிருந்தால் அந்த நேரமும் இருக்கும். இந்த மூன்றையும் நேரத்தை வைத்துப் பொருத்திப் பாருங்கள். உங்கள் ராத்திரி பாதி புரிந்துவிடும். பார்ட்டோகிராஃப் வெறுமையாக இருந்தால், அதையும் டாக்டரிடம் கேட்கலாம்.

சிசேரியன் என்றால் ஆபரேஷன் நோட்ஸில் கர்ப்பப்பையை எங்கே, எப்படி வெட்டினார்கள் என்று பாருங்கள். அடுத்தது சுகப்பிரசவத்துக்கு முயலலாமா என்று சொல்ல அந்த ஒரு வரி டாக்டருக்கு ரொம்ப முக்கியம்.

குழந்தைக்கு எட்டு மாதம். பிரசவத்தை நினைத்தாலே கை நடுங்குகிறது. 'புள்ளை நல்லாத்தானே இருக்கு, அப்புறம் என்ன?' என்கிறார் மாமியார். (கண்டனூர்)

பிள்ளை நன்றாக இருப்பதும் நீங்கள் பயந்துபோனதும் ரெண்டும் உண்மைதான். நம் பக்கம் பிள்ளை பார்க்க வருகிறவர்கள் வளவு நிறைய உட்கார்ந்து அவரவர் பிரசவக் கதையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். பெற்றவளிடம் 'உனக்கு எப்படி இருந்துச்சு' என்று கேட்க அங்கே ஆள் இருக்காது.

பிரசவம் பார்த்த டாக்டரிடம் காலை ஓ.பி. கூட்டத்தில் போய் நிற்காதீர்கள். கூட்டம் குறைந்த நேரமாகக் கேட்டு வாங்குங்கள். கூட ஒருவர் வரட்டும். 'ஏன் தியேட்டருக்குக் கொண்டுபோனீர்கள், வேறு வழி இருந்ததா, அடுத்த தடவை என்ன ஆகும்' என்று எழுதிக்கொண்டு போங்கள். பாதியில் அழுகை வந்தால் நிறுத்திவிட்டு இன்னொரு நாள் போகலாம், தப்பில்லை.

அந்தக் காட்சியே திரும்பத் திரும்ப வருகிறது, தூக்கம் இல்லை, ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்க முடியவில்லை என்றால் ஃபைலைப் படிப்பது மட்டும் போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் போன் செய்யலாம், தமிழிலேயே பேசுவார்கள். குழந்தையையோ உங்களையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று தோன்றினால் அன்றைக்கே போங்கள், காத்திருக்க வேண்டாம்.

என் மனைவி இதைப் பற்றிப் பேசவே மறுக்கிறாள். நானே போய் வாங்கிவிடலாமா? (புதுவயல்)

அவர் கையெழுத்துப் போட்டு உங்களை அனுப்பினால் வாங்கலாம். அவருக்குத் தெரியாமல் வேண்டாம் தம்பி. மூன்று வருஷக் கணக்கை மட்டும் சொல்லிவையுங்கள், வாங்கலாமா வேண்டாமா என்று அவர் முடிவெடுக்கட்டும்.