மணமான மகளின் மேற்படிப்பும் 35 லட்சம் ரூபாய்க் கடனும்

வேதியியலில் முதுகலை முடித்து, திருமணத்துக்குப் பின் கணவருடன் சென்னையில் வசிக்கும் 26 வயது மகளைப் பிரிட்டனுக்கு அனுப்புவதற்காக, சேலத்து வீட்டை அடமானம் வைத்து 35 லட்சம் ரூபாய் கடன் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மருமகனும் உடன் சென்று வேலை பார்த்தால் கடன் தானாக அடைந்துவிடும் என்பது உங்கள் மைத்துனர் போட்டுத் தந்த கணக்கு. உங்கள் கலக்கம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கணக்கு 2024 ஜனவரி 1 முதல் செல்லாது. சொந்தச் செலவில் ஓராண்டு முதுகலை படிக்க வரும் வெளிநாட்டு மாணவர், கணவரையோ மனைவியையோ சார்ந்தோர் விசாவில் அழைத்துவரப் பிரிட்டன் இப்போது அனுமதிப்பதில்லை. ஆராய்ச்சிப் படிப்புகளுக்கு மட்டுமே அந்த வாய்ப்பு எஞ்சியிருக்கிறது.

ஆகவே இரண்டு நாடுகளில் இரண்டு குடித்தனம், ஒரே சம்பளம் என்பதுதான் உண்மை நிலை. பத்தரை சதவீத வட்டியில் பத்தாண்டுக்கு மாதத் தவணை சுமார் 47,000 ரூபாய் வரும்; படிக்கும் காலத்தில் சேரும் வட்டி தனி. மணமானவர் கல்விக் கடன் வாங்கும்போது கணவரும் இணைக் கடனாளி ஆகலாம் என்பதால், மருமகன் கையெழுத்திட்டால் நாளை அவர் கேட்கும் வீட்டுக் கடனிலும் இது குறுக்கே நிற்கும். இதற்கு நான் உடன்பட மாட்டேன். மேலும், உறவினர்கள் அவரைப் பிரிட்டனில் படிக்கச் சொல்வது வணிகப் பகுப்பாய்வு (Business Analytics) என்ற படிப்பு. மகள் தனியே எழுதியிருக்கும் நான்கு வரிகளில் ஆய்வகத்தைத் தவிர வேறு பேச்சே இல்லை.

மகள் ஏற்கெனவே ஒருமுறை எழுதி, உதவிப் பேராசிரியர் தகுதி மட்டும் பெற்ற சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வை (அறிவியல் பாடங்களுக்கான தேசியத் தகுதித் தேர்வு) நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். அதே தேர்வில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்கான மதிப்பெண்ணை எட்டினால், இங்கேயே முனைவர் பட்ட ஆய்வு செய்ய முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், முதுநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்கு உயர்த்தப்பட்ட பின் 42,000 ரூபாயும் கிடைக்கும். குடும்ப வருமான வரம்பு கிடையாது. ஆகவே மருமகனின் சம்பளச் சான்றை யாரும் கேட்கப்போவதில்லை. பொதுவான வயது வரம்பு 30. பெண்களுக்கு அதில் ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வேதியியலாருக்கு ஏற்ற இடம் என்பதோடு, அவர்களின் இப்போதைய வாடகை வீட்டையும் மாற்ற வேண்டியிராது.

குடியிருப்பில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நிறுவனம் விடுதி தர இயலாதபோது ஊரின் தரத்துக்கேற்ப வீட்டு வாடகைப் படி உண்டு. தந்த விடுதியை நாமாக மறுத்தால் அந்தப் படியை இழக்க நேரிடும். எனவே சேரும் வாரத்திலேயே விடுதி ஒதுக்கப்படவில்லை என்ற சான்றை எழுத்தில் வாங்கிவிடச் சொல்லுங்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மணமான மாணவர்களுக்கெனக் குடியிருப்பு இருக்கிறது என்றாலும், மருமகனின் வேலை சென்னையில் இருக்கும்வரை அதை நினைக்க வேண்டியதில்லை. குழந்தை பிறந்தால் படிப்பு நின்றுவிடுமோ என்ற அச்சமும் வேண்டாம்: பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிகள் முனைவர் பட்டக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்புக்கு இடமளிக்கின்றன.

உதவித்தொகை மாதச் சம்பளம்போல முதல் தேதியில் வந்துவிடாது, தொடக்கத்தில் சில மாதங்கள் தாமதமாகும். கடனுக்கு விண்ணப்பிப்பதற்குப் பதிலாக ஆறு மாத வீட்டுச் செலவை வங்கியில் ஒதுக்கி வைத்துவிட்டு, அடுத்த இரண்டு நெட் தேர்வுகளுக்கு மகளை நிம்மதியாகப் படிக்க விடுங்கள்.