பனிக்காலத்து நீலகிரியில் மிதிவண்டி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நீலகிரியின் ஊர்ச் சாலைகளிலும் தேயிலைத் தோட்டச் சாலைகளிலும் மிதிவண்டி ஓட்டுவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். ஏற்றத்தைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குளிரைப் பற்றியே கேட்டிருந்தன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

நண்பர்கள் நால்வர் டிசம்பர் கடைசி வாரத்தில் உதகைக்கு வந்து, கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் இரண்டு நாட்கள் மிதிவண்டியில் சுற்ற நினைக்கிறோம். அந்தக் காலம் பொருத்தமானதா? காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?
— ஈரோடு வாசகர்

விடுமுறை உங்கள் கையில் இருக்குமானால் ஜனவரி மூன்றாம் வாரத்துக்குத் தள்ளிப் போடுங்கள். குன்னூரும் கோத்தகிரியும் மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதால், உதகையின் மேற்குப் பகுதிகளைப் போலன்றி, வடகிழக்குப் பருவமழையை நேராக வாங்கிக் கொள்பவை. டிசம்பரிலும் அந்தப் பக்கத்தில் மழையும் மூடுபனியும் மிச்சமிருக்கக் கூடும். மண் சரிந்து சாலையில் கிடக்கவும் கூடும். பொங்கலுக்குப் பிறகு வானம் தெளிந்துவிடும். ஆனால் உறைபனி கடுமையாக விழுவதும் வானம் தெளிவாக இருக்கும் அந்த நாட்களில்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து குளிர்கிறது. அதை ஒட்டியுள்ள காற்றும் குளிர்ந்து கனமாகி, தண்ணீரைப் போலச் சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. உதகையின் குதிரைப் பந்தய மைதானமும் தலைகுந்தாவும் கேத்திப் பள்ளத்தாக்கின் காய்கறி வயல்களும் விடியற்காலையில் வெளுத்துக் கிடப்பதற்குக் காரணம் இதுவே. ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி கூடும் என்பது பொதுவான கணக்கு. அந்த விடியற்காலைகளில் பள்ளத்தாக்குக்குள் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்: சரிவின் மேலேயுள்ள ஹட்டியில் (படுகர் ஊரில்) தாங்கக் கூடியதாக இருந்த குளிர், கீழே பாலத்தருகே வரும்போது காதை அறுக்கும்.

சமவெளியில் ஐந்தரை மணிக்குக் கிளம்பிப் பழகியவர்கள் அந்தப் பழக்கத்தை மேட்டுப்பாளையத்திலேயே விட்டுவிட்டு வரவேண்டும். வெயில் சாலையைத் தொட்டு ஒரு மணி நேரமாவது ஆன பிறகு, எட்டரை மணியளவில் கிளம்புங்கள். அப்போதும் கற்பூர மரங்களின் நிழலில் இருக்கும் வளைவுகள் ஈரமாகவே இருக்கும். சாலையோரம் பாசியும், அதன்மேல் உதிர்ந்த இலைகளும் கிடக்கும். வெயில் படும் இடமும் படாத இடமும் ஒரே சாலையில் ஐம்பதடிக்கு ஒருமுறை மாறி மாறி வருவதால், காய்ந்த தரையில் பிடித்த வேகத்தை ஈரத் தரைக்குள் கொண்டு போய்விடாதீர்கள்.

நான் பனியன் தொழிலில் இருப்பவன். குளிருக்குப் பருத்தி உடை வேண்டாம் என்று நீங்கள் எழுதியது எனக்குச் சற்று வருத்தமாக இருந்தது. பருத்தியைவிட உடலுக்கு இதமானது எது?
— திருப்பூர் வாசகர்

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. வீட்டில் நானும் பருத்தி பனியன்தான் அணிகிறேன். பருத்தியின் சிறப்பே வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்வதுதான். கரூரிலோ திருச்சியிலோ அந்த ஈரம் உடலைக் குளிர்வித்து நன்மை செய்கிறது. அதே குணம் மலையில் கேடாக முடிகிறது, ஏனென்றால் காற்றைக் காட்டிலும் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஏற்றத்தில் நனைந்த பருத்தி பனியன், இறக்கத்தில் ஈரத்துணிப் பற்றாக உடலைச் சுற்றிக்கொள்ளும்.

உங்கள் ஊரிலேயே லட்சக் கணக்கில் தைக்கப்படும் மெல்லிய பாலியெஸ்டர் விளையாட்டு பனியன் உள்ளே. அதன்மேல் மெல்லிய கம்பளி அல்லது பிளீஸ் (fleece) என்னும் மென்மையான செயற்கைத் துணி. எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத ஒரு மேலங்கி. இந்த மூன்றும் போதும். தடித்த ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுக் கொண்டால், ஏறும்போது கழற்றவும் இறங்கும்போது போடவும் வழியில்லாமல் இரண்டு பக்கமும் அவதிப்படுவீர்கள். உள்ளே மாற்றிக் கொள்ள இன்னொரு பனியனை நெகிழிப் பையில் சுற்றி எடுத்து வாருங்கள். அது ஏன் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

ஏற்றத்துக்கென்றே ஆறு மாதம் பயிற்சி செய்துவிட்டு, சென்ற ஜனவரியில் உதகையிலிருந்து தொட்டபெட்டா சந்திப்பு வரை ஏறி, அங்கிருந்து கோத்தகிரிக்கு இறங்கினேன். ஏறியது எளிதாக இருந்தது. இறங்கும்போது கைவிரல்கள் மரத்துப் போய் பிரேக்கைப் பிடிக்கவே முடியவில்லை. வேகமாக மிதித்து உடலைச் சூடாக்கிக் கொள்ளலாமா?
— மதுரை வாசகர்

வந்த கேள்விகளில் முதன்மையானது இது. மலைக்குளிரில் மிதிவண்டிக்காரரைச் சோதிப்பது இறக்கமே. ஏற்றத்தை நம் நுரையீரலே முறைப்படுத்திவிடும். முடியாவிட்டால் இறங்கித் தள்ளலாம், யாரும் கேட்கப் போவதில்லை. இறக்கத்தில் அப்படித் தானாக நிறுத்தும் எதுவும் கிடையாது.

மிதிப்பவர் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மீதி முக்கால் பங்கும் உடலில் வெப்பமாக மாறுகிறது. ஏற்றத்தில் மணிக்கு எட்டு, பத்து கிலோமீட்டர் வேகத்தில் காற்றே படாமல் போகிறவர், ஐந்து டிகிரிக் குளிரிலும் வியர்த்துக் கொட்டுவது இதனால்தான். உச்சியைத் தாண்டிய மறுநிமிடம் மிதிப்பது நின்றுவிடுகிறது, எனவே உடலின் அடுப்பும் அணைந்துவிடுகிறது. காற்றோ மணிக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் நனைந்த உடையின் மேல் மோதுகிறது. ஐந்து டிகிரி வெப்பநிலையில் முப்பது கிலோமீட்டர் வேகக் காற்றுப் பட்டால், தோலுக்கு அது உறைநிலையைப் போலவே இருக்கும் என்பது வானிலையாளர்களின் கணக்கு. உடல் தன் நெஞ்சையும் வயிற்றையும் காத்துக்கொள்ள, கைவிரல்களுக்குப் போகும் இரத்தத்தை முதலில் குறைத்துவிடும். பிரேக்குக்கு வேண்டியதோ அந்த விரல்கள்தான்.

மிதித்துச் சூடாக்கலாமா என்று கேட்கிறீர்கள். இறக்கத்தில் மிதித்தால் வேகம் கூடும், காற்று கூடும், குளிரும் கூடும். எனவே வேண்டாம்.

இதே சாலையில் எனக்கும் பல ஆண்டுகளுக்கு முன் இதே கதி நேர்ந்தது. நனைந்த பருத்திச் சட்டையோடு, நான்கைந்து வளைவுகள் தாண்டியதும் இடது கை பிரேக்கை அழுத்துகிறதா இல்லையா என்பதே எனக்குத் தெரியவில்லை. கட்டபெட்டில் ஒரு தேநீர்க் கடையின் அடுப்பருகே அரை மணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் தேநீர்க் குவளையைச் சிந்தாமல் பிடிக்க முடிந்தது.

பெரிய வீரர்களுக்கும் இதில் விலக்கில்லை. 1988 ஜூன் 5 அன்று, இத்தாலியின் ‘ஜிரோ டி இத்தாலியா’ மிதிவண்டிப் பந்தயம் பனிப்புயலுக்கு நடுவே காவியா கணவாயைக் கடந்தது. அது சுமார் 2,600 மீட்டர் உயரம். நம் தொட்டபெட்டா சிகரத்தின் 2,637 மீட்டருக்கு ஏறத்தாழ இணையானது. உச்சியில் முதலாவதாக வந்தவர் நெதர்லாந்தின் யோகான் வான் டெர் வெல்டே; அரைக்கைச் சட்டையோடு ஏறியிருந்தார். இறக்கத்தில் குளிர் தாங்காமல் ஒதுங்கி நின்றவர், அன்றைய முடிவிடத்தை வெற்றியாளருக்கு முக்கால் மணி நேரத்துக்கும் மேல் பிந்தித்தான் அடைந்தார். அமெரிக்கரான ஆண்டி ஹாம்ப்ஸ்டனின் குழுவினரோ, பனிச்சறுக்குக் கடையில் தடித்த கையுறைகளும் குல்லாக்களும் வாங்கி, உச்சிக்கு அருகே சூடான தேநீரோடு காத்திருந்தார்கள். அன்று இரண்டாவதாக வந்த ஹாம்ப்ஸ்டன் முதலிடத்துக்கான இளஞ்சிவப்புச் சட்டையைப் பெற்று, அந்தப் பந்தயத்தையே வென்றார். இருவரும் ஏறியது ஒரே மலைதான்.

ஆகவே அடுத்த முறை உச்சியில் பத்து நிமிடம் நில்லுங்கள். புகைப்படம் எடுத்தபடி நின்று குளிர்ந்துவிடாமல், காற்றுப் படாத ஒரு சுவரின் ஓரமாக ஒதுங்கி, நனைந்த பனியனைக் கழற்றிக் காய்ந்ததைப் போடுங்கள். மேலங்கியின் உள்ளே நெஞ்சை மறைத்து ஒரு நாளிதழை மடித்து வையுங்கள். ஐரோப்பியப் பந்தய வீரர்கள் நெடுங்காலமாகச் செய்துவந்த உத்தி இது, நம் ஞாயிறு இதழ்களின் தடிமன் இதற்கு மிகவும் ஏற்றது. காதை மூடும் மெல்லிய குல்லாவைத் தலைக்கவசத்துக்கு உள்ளே அணியுங்கள். கையுறை விரல் நுனிவரை மூட வேண்டும். ஏறும்போது அதைப் போட்டு நனைத்துவிடாமல் சட்டைக்குள் வைத்திருந்து, இறங்கத் தொடங்கும்போது போடுங்கள். இறக்கத்தில் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று, விரல்களை மடக்கி நீட்டிப் பாருங்கள். சட்டைப் பொத்தானைப் போட முடியாத விரல் பிரேக்கையும் நம்பகமாகப் பிடிக்காது. பேச்சுக் குழறினாலோ, உடல் விடாமல் நடுங்கினாலோ அன்றைய பயணத்தை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் திரும்பிக் கொண்டே முன் பிரேக்கை இறுக்குவது ஈரச் சாலையில் விழுவதற்கான நேர்வழி. விளிம்பைப் பிடிக்கும் பிரேக்காக இருந்தால், நனைந்த விளிம்பில் முதல் சில சுற்றுகள் தண்ணீரைத் துடைப்பதிலேயே போய்விடும். பழைய பாணி இரும்பு விளிம்புச் சக்கரமும் கம்பி பிரேக்கும் கொண்ட வண்டியில் ஈர மலைச் சாலையில் இறங்கவே இறங்காதீர்கள்.

சமவெளியில் காற்றடித்துக்கொண்டு வரும் டயர், மலைக் குளிரில் இறங்கிப் போகுமா?
— கோவைக் கல்லூரி மாணவர்

குளிர்ந்தால் டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் குறையும். ஆனால் உயரே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவதால், ஒன்றை மற்றொன்று பெரிதும் ஈடுசெய்துவிடும். முப்பது டிகிரியில் 60 பிஎஸ்ஐ அடித்த டயர், உதகையின் ஐந்து டிகிரியில் ஏறக்குறைய 57 காட்டும். அந்தக் குறைவு ஈரச் சாலையில் பிடிமானத்துக்கு நல்லதுதான். மறுபடி அடிக்க வேண்டாம்.

எனக்கு வயது 58. லேசான ஆஸ்துமா உண்டு. சமவெளியில் தினமும் இருபது கிலோமீட்டர் ஓட்டுகிறேன். குளிர்காலத்தில் மலையில் ஓட்டலாமா?
— சேலம் வாசகி

முதலில் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். அவர் தலையசைத்த பிறகே இந்தப் பதிலின் மீதிப் பகுதி உங்களுக்குப் பொருந்தும். குளிர்ந்த, வறண்ட காற்றை வேகமாக இழுக்கும்போது மூச்சுக்குழல் சுருங்குவது ஆஸ்துமாக்காரர்களிடம் நன்கு அறியப்பட்ட ஒன்று. உதகையின் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதன் முக்கால் பங்கை ஒட்டித்தான் இருக்கும் என்பதால், அதே வேகத்துக்கு அங்கே கூடுதலாக மூச்சு வாங்கும். வந்த முதல் நாள் ஓட்டாமல், நடந்து ஊர் பாருங்கள். மறுநாள் வெயில் நன்றாக ஏறிய பிறகு, மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடிக்கொண்டு, முதல் கால் மணி நேரம் பேசிக்கொண்டே போகக் கூடிய வேகத்தில் மிதியுங்கள். மருந்துக் குழலைச் சட்டைப்பையில் வையுங்கள். பின்னால் கட்டிய பைக்குள் அவசரத்தில் தேட முடியாது. குளிரில் தாகம் தெரியாது; தெரியாவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள்.

இறங்குவதற்கு முன் ஒரு மடக்குப் பிராந்தி குடித்தால் குளிர் தெரியாது என்கிறார்களே?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர்

குளிர் தெரியாது என்பது உண்மை. குளிராது என்பது பொய். மது தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்து, உள்ளிருக்கும் சூட்டை வெளியே விட்டுவிடும். இரண்டு சக்கரத்தில் மலையிறங்குகிறவருக்கு அது வேறு என்னென்ன செய்யும் என்பதை நான் எழுதத் தேவையில்லை. இஞ்சித் தேநீரும் இரண்டு வர்க்கியும் போதும்.

ஒரே ஒரு நாள்தான் கிடைக்கிறது. பெரிய சாலையின் நெரிசலைக் கூடியவரை தவிர்த்து, எந்த வழியில் போகலாம்?
— பொள்ளாச்சி வாசகர்

பலரும் உதகையில் தங்கி, காலையில் கோத்தகிரிக்கோ குன்னூருக்கோ இறங்கத் தொடங்குகிறார்கள். நாளின் மிகக் குளிர்ந்த நேரத்தில், உடல் சூடேறுவதற்கு முன்பே இறக்கத்தைச் சந்திப்பது தவறான வரிசை. நீங்கள் குன்னூரில் தங்குங்கள். காலை எட்டரைக்குக் கிளம்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே கட்டபெட்டு வரை சென்று, அங்கிருந்து தொட்டபெட்டா சந்திப்பை நோக்கி ஏறுங்கள். குளிரான நேரம் முழுவதும் ஏற்றத்திலேயே கழிந்துவிடும். நண்பகலில் உதகையில் சாப்பிட்டுவிட்டு, லவ்டேல் வழியாகக் கேத்திக்குள் திரும்பினால், கேரட்டும் பூண்டும் விளையும் படிக்கட்டு வயல்களினூடே, வெயில் முதுகைச் சுடும் வேளையில் இறங்கலாம். மொத்தம் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று முன்பின் இருக்கும். கேத்திப் பக்கம் கேரட் ஏற்றிய வண்டிகள் குறுகிய வளைவுகளில் எதிரே வரும்; மணியடித்து வழி கேட்காமல், ஓரமாக நின்று விடுங்கள்.

காட்டெருமைகளுக்கும் அதுவே விதி. தோட்டத்திலிருந்து ஒன்று சாலைக்கு வந்தால், பின்னால் இன்னும் நான்கு இருக்கும் என்று கொள்ளுங்கள். தொலைவிலேயே நின்று, கடைசியானதும் கடந்து போகும்வரை காத்திருங்கள். கோத்தகிரி, குன்னூர் தோட்டங்களில் பொழுது சாய்ந்ததும் கரடியும் நடமாடத் தொடங்கும்.

எப்படியும் மூன்று மணிக்குள் உதகையை விட்டுப் புறப்பட்டிருக்க வேண்டும். சாப்பாடும் ஏரிக்கரையும் சாக்லேட் கடையும் சேர்ந்து நான்கரை மணி ஆகிவிட்டதென்றால், மிதிவண்டியை ஒரு பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு குன்னூர் வந்துசேருங்கள். கேத்தி இறக்கத்தை மறுமுறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.