பல ஊர்களில் பெண்களைச் சேர்த்து நிதிக் குழுக்கள் நடத்துவது எப்படி?

ஒரு பொதுக் காரியத்துக்குக் காசு சேர்க்க நாலைந்து ஊர்களில் பெண்கள் குழு அமைக்க வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருகோணமலை. இங்கே ஒரு மாணவியர் விடுதிக்காக எங்கள் ஊர், மூதூர், கிண்ணியா, கொழும்பு, அப்புறம் லண்டன், ரொறன்ரோ என்று பழைய மாணவிகளைச் சேர்த்துக் குழுக்கள் நடத்துகிற ஆக்களில் நானும் ஒருத்தி.

தலைவியைத் தேடாதீர்கள், முதலில் பொருளாளரைத் தேடுங்கள். மேடையில் கதைக்க எந்த ஊரிலும் ஆள் கிடைக்கும். வாங்கின காசை அன்றைக்கே எழுதி, வங்கி திறந்திருக்கிற அடுத்த நாளே கொண்டுபோய்ப் போடுகிற ஒருத்தி கிடைத்த பிறகுதான் அந்த ஊரில் குழு, அதுவரை பொறுத்திருங்கள். அடுத்த நாளே என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெண்கள் சேர்க்கிற காசு வீட்டு அலுமாரியில்தான் இருக்கும், அந்த வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், ரியூஷன் காசு கட்ட வேண்டி வரும், "நாளைக்குத் தாறன்" என்று கணவர் கேட்பார். அவள் எப்படி இல்லை என்று சொல்வாள்? அந்த இக்கட்டில் அவளை நிறுத்துவதே அநியாயம்.

பற்றுச்சீட்டுப் புத்தகம் எல்லா ஊருக்கும் ஒரே அச்சாக இருக்கட்டும், தொடர் இலக்கத்தோடு, கார்பன் பிரதி உள்ளதாக. எந்த இலக்கப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நூறு ரூபாய் தருகிற மீன்கார அம்மாவுக்கும் சீட்டுக் கிழித்துக் கொடுக்க வேண்டும், அவர் வேண்டாம் என்றாலும். தொகை பிழைத்தால் தாளைக் கிழித்து எறியாமல் குறுக்கே கோடு போட்டு இரண்டு தாளையும் புத்தகத்திலேயே விட வேண்டும். பழைய புத்தகம் திரும்பி வராமல் புதியது கிடையாது. இது யார் மேலும் சந்தேகப்பட்டு இல்லை, நாளைக்கு யாராவது ஒரு கதை கட்டினால் அந்தப் பெண்ணைக் காப்பாற்றப் போவது இந்தப் பிரதிதான்.

எங்கள் மாவட்டத்தில் குழு, கையெழுத்து என்றாலே பெண்கள் பயப்படுவார்கள். நுண்கடன்காரர் குழுவாக இருத்தித்தான் கடன் கொடுத்தார்கள், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழுந்தது. ஆகவே முதல் கூட்டத்தில் வந்தவர்கள் கையெழுத்து வைக்கிற கொப்பியை நீட்டுவதற்கு முன்னமே, இது கடன் இல்லை, யாரும் யாருக்கும் பிணை இல்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கூட்டம் ஒரே ஊரில் நடக்கக் கூடாது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரைக்குப் போக வேண்டும், இப்போது பஸ்ஸில் நேரே போகலாம். அப்படியிருந்தும் மாவட்டத்துக் கூட்டத்தை எப்போதும் திருகோணமலை டவுனிலேயே வைத்தால் மூதூர்ப் பெண்கள் மாலை பஸ்ஸை நினைத்துக்கொண்டு பாதியில் எழும்பிப் போவார்கள், முடிவெல்லாம் டவுன்காரர் எடுத்ததாக ஆகிவிடும்.

கணக்குத் திறக்கும்போதும் எல்லோரிடமும் கேளுங்கள். கிண்ணியா, மூதூர் முஸ்லிம் சகோதரிகளில் பலர் வட்டி சேர்கிற கணக்கில் காசு போட விரும்ப மாட்டார்கள். வட்டியில்லாத நடைமுறைக் கணக்கு (கரண்ட் அக்கவுண்ட்) எடுத்தால் அந்தப் பிரச்சினை தீரும், காசோலைக்கு இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்துவிடலாம். சங்கத்தின் யாப்பையும் (எழுதி வைத்த விதிகளையும்) கூட்டத் தீர்மானத்தையும் வங்கி கேட்கும். சங்கம் பெரிதாக வளரும் என்றால் 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தொண்டு அமைப்பாகப் பதிவதைப் பற்றியும் விசாரித்து வையுங்கள்.

எப்படிச் சேர்ப்பது என்பதை அந்தந்த ஊருக்கே விட்டுவிடுங்கள். எங்களுக்குத் திருவிழாக் காலத்தில் பயற்றம் பணியாரமும் முறுக்கும் சுட்டு விற்பது சரி, கொழும்பில் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு அது சரிவராது, மாதாமாதம் வங்கியில் தானாகக் கழிகிற மாதிரி ஒழுங்கு செய்தால் போதும். லண்டனில் பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றின் ஊடாகச் சேர்த்தால், வரி கட்டுகிறவர் சம்மதப் படிவம் கொடுத்துத் தருகிற ஒவ்வொரு பவுணுக்கும் கிஃப்ட் எய்ட் என்ற அரசாங்க வரித் திட்டம் மூலம் 25 பென்ஸ் மேலதிகமாக வரும். கனடாவிலும் பதிவுபெற்ற நிறுவனம்தான் வரிக்குரிய பற்றுச்சீட்டுக் கொடுக்கலாம்.

ஆனால் எந்த ஊர் எவ்வளவு சேர்த்தது என்று வரிசைப்படுத்திப் போடவே போடாதீர்கள். பவுணையும் ரூபாயையும் பக்கத்தில் வைத்தால் வெயிலில் வீடு வீடாக நடந்த மூதூர் அக்காவின் உழைப்பு ஒன்றுமில்லாத மாதிரித் தெரியும். நாங்கள் எத்தனை பேர் தந்தார்கள் என்பதைத்தான் ஊர்வாரியாகச் சொல்கிறோம், தொகை மொத்தமாக வரும். செலவுக் கணக்கும் அதே தாளில், சீமெந்து வாங்கின பில்லின் படத்தோடு வட்ஸ்அப்பில் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் போக வேண்டும். முதல் தந்த காசு என்னவாயிற்று என்று தெரியாதபோதுதான் சனம் கையை மடக்கும்.

பொருளாளரை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், எவ்வளவு நல்லவராக இருந்தாலும். கையளிக்கும்போது எழுதாத பற்றுச்சீட்டுகளையும் எண்ணி, வங்கிக் கூற்றோடு ஒப்பிட்டு, வேறு ஊர்க் குழுவிலிருந்து வந்த ஒருத்தியின் முன்னால் இரண்டு பேரும் கையெழுத்து வைக்க வேண்டும்.